ஹில்டா கரையேறும் இடம்

தவராசாவுக்கு நீந்தத் தெரியாது. கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவர். இருபத்திரண்டு வயதில் ஜெர்மனிக்கு வந்த பிறகு அவர் அறிந்த தண்ணீரெல்லாம் குளியலறைத் தண்ணீர்தான். டுசல்டோர்ஃபிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் முப்பது வருடங்களுக்கு மேலாகக் குளியலறைகளுக்கு ஓடு பதித்தார். அந்த வேலையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு குரோவேசியக்காரருக்குப் பசை குழைத்துக் கொடுத்துக்கொண்டே அவருடைய கையைப் பார்த்துப் பழகினார். முதல் வரிசை ஒரு நூலளவு பிசகினால் அங்கே தெரியாது. சுவரின் உச்சிக்குப் போன பிறகுதான் தெரியும். அதைப் பட்டு அறிந்தவர் என்பதால் முதல் வரிசைக்கு மட்டப்பலகையைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்ப்பார்.

இந்த மனிதர் ஐம்பத்தைந்து வயதில் ஒரு நாய்க்குட்டிக்கு நீந்தப் பழக்கினார்.

குட்டியைக் கொண்டுவந்தவள் மகள் லக்சிகா. தாதி வேலைக்கு ஆஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை அதைத் தன் குளிர்ச்சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். கறுப்பு நிறம், லாப்ரடோர் கலப்பு, பெட்டை. வேண்டவே வேண்டாம் என்று ஒரு மாதம் சண்டை பிடித்த தாய் சுந்தரேஸ்வரிதான் கடைசியில் அதற்குப் பெயரும் வைத்தார். அவர் சமையலறையில் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஹில்டா என்று ஒரு மூதாட்டி இருந்தார். கதவு கொஞ்சம் திறந்தால் போதும், தோட்டத்துக்குப் போய்விடுவார்.

"உதுவும் அப்பிடித்தான்," என்றார் சுந்தரேஸ்வரி. "எந்த நேரமும் வெளியில ஓடுற யோசனை. ஹில்டா எண்டே கூப்பிடுங்கோ."

"அந்த மனிசி கேள்விப்பட்டா கோவிக்காதோ அம்மா?"

"அவவுக்குத் தன்ர பேரே மறந்துபோச்சு பிள்ளை."

ஹில்டாவுக்குத் தண்ணீரைக் கண்டால் நிற்க முடியாது. வாளியோ, வீதிக்குழியோ, குளமோ, யோசிக்காமல் பாய்ந்துவிடும். நான்கு மாதக் குட்டியாக இருந்தபோது பூங்காக் குளத்துக்குள் விழுந்தது. அந்தக் குளத்தைச் சுற்றிச் செங்குத்தாகக் கல் கட்டியிருந்தார்கள். குட்டி மூழ்கவில்லை. கல்லோரமாக நீந்திக்கொண்டே போனது. ஏற இடமில்லை. முன்னங்கால்களால் கல்லைப் பிறாண்டியது, வழுக்கியது, மறுபடி பிறாண்டியது. தவராசா குப்புறப் படுத்துக் கையை நீட்டிக் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்தார். பட்டி மேலேறி அதன் தொண்டையை இறுக்கியது. வெளியே வந்தபோது குட்டியின் நாக்கு நீலம் பாரித்திருந்தது.

அதே கிழமை சுந்தரேஸ்வரிக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்க்க டெர்மின் இருந்தது. கணையத்தில் கட்டி என்றார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் முதலில் பேசியது நாயைப் பற்றித்தான்.

"இஞ்சேருங்கோ. உவளை ஒழுங்கா நீந்தப் பழக்குங்கோ. இல்லாட்டி எப்பவோ ஒருநாள் தண்ணிக்குள்ளதான் போவாள்."

"இப்ப நாய்க் கதையே எடுக்கிறீர்?"

"ஓம். பிள்ளைக்கு ஒரு சாவு காணும். ரெண்டாவதை அவள் தாங்கமாட்டாள்."

தவராசா அடுத்த நாள் வேலை முடிந்ததும் ஊருக்குத் தெற்கேயுள்ள ஏரிக்குப் போய்க் கரையைச் சுற்றி நடந்தார். ஜல்லி தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டான ஏரி அது. நாய்களை விட அனுமதித்த மூலையில், ஜல்லி மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். மற்ற இடங்களில் கரை திடீரென்று ஆழத்துக்கு விழுந்தது. ஒரு நீண்ட தடியை வைத்துக் குத்திப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டார்.

அவர் பழக்கிய விதம் இதுதான். முதலில் முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை ஒன்று வாங்கினார். நெஞ்சுக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு அதை இறுக்கினார். நீளமான மிதக்கும் கயிற்றை அந்தச் சட்டையில்தான் கொளுவினார், கழுத்தில் அல்ல. கயிற்றில் முடிச்சும் இல்லை, கைநுழைக்கும் வளையமும் இல்லை; நீருக்கடியில் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. பல நாட்கள் நாயின் வயிறு நனையும் ஆழத்தில் நடக்க மட்டும் விட்டார். பிறகு தொடை வரைக்கும் ஏறும் ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தானும் இறங்கினார். குட்டி முன்னங்கால்களால் தண்ணீரை அறையும், பின்பக்கம் தாழ்ந்துபோகும். அதன் வயிற்றின் கீழே கையை வைத்து, பின்பக்கம் மேலே எழுந்து முதுகு நீர்மட்டத்தோடு சமமாக வரும்வரை தாங்கிக்கொள்வார். சமமானதும் கையை எடுப்பார். தாழ்ந்தால் மறுபடி வைப்பார்.

கரையில் நின்ற ஒரு ஜெர்மன்காரர் சிரித்தார். "தூக்கிப் போடுங்கள் ஐயா. நாய் தானாக நீந்தும்."

"தானாக ஏறாது," என்றார் தவராசா.

வால் நீருக்குள் தொங்கத் தொடங்கினால் நாய் களைத்துவிட்டது என்று வெளியே எடுத்துவிடுவார். அதிகம் தண்ணீர் குடித்தால் அதுவே நாயைக் கொன்றுவிடும் என்று கேள்விப்பட்டதால் கொஞ்ச நேரம் நீச்சல், அதைவிட அதிக நேரம் ஓய்வு. ஓகஸ்டில் தண்ணீரில் பச்சைப் பாசி படர்ந்தபோது கிட்டவே போகவில்லை. ஒவ்வொரு முறையும் நாயின் தலையைச் சரிந்த ஜல்லிப் பக்கம் திருப்பி அங்கேதான் ஏறவைத்தார். நீந்தத் தெரிந்த நாய்கள்தான் மூழ்குகின்றன என்பது அவருடைய கணிப்பு. எங்கே ஏறுவது என்று தெரியாமல் களைத்து மூழ்குகின்றன.

சுந்தரேஸ்வரியும் கூட வருவார். மருந்து ஏற்றிய நாட்களுக்குப் பிறகு அவரால் நிற்க முடியாது. அதனால் தவராசா ஒரு மடக்குக் கதிரையைக் காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். அதைச் சரிந்த ஜல்லியின் மேல், நீர்விளிம்பில் விரித்து, மனைவியை அதில் உட்காரவைத்து, கோடையென்றும் பாராமல் போர்வை போர்த்துவிடுவார். அங்கிருந்தபடி அவர் நாய்க்கு ஏதாவது எறிவார். பந்து எறிந்தார்கள், நாய் கடித்துப் பிய்த்தது. மரக்கட்டை எறிந்தார்கள், வாயில் சிராய் ஏறியது. ஒருநாள் தமிழ்க்கடையில் வாங்கிய தேங்காய் ஒன்றைச் சுந்தரேஸ்வரி காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தமே இல்லை.

"இது கறிக்கு ஆகாது. இவளுக்கு ஆகும்."

காய் நன்றாக மிதந்தது. உரித்த காயின் தலையில் விட்டிருந்த குடுமி நாய் கவ்வுவதற்கு வாகாக இருந்தது. ஹில்டா குடுமியைக் கவ்வி, தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, காயைக் கொண்டுவந்து சுந்தரேஸ்வரியின் மடியில் போடும். போர்வை நனையும். அவர் ஒரு சிறு தேங்காய்த் துண்டைக் கொடுத்து, "எங்கட வீட்டில என்ர சொல்லுக் கேக்கிற ஒரே ஆள்," என்பார். எறியும் அவருடைய கை நாளுக்கு நாள் கிட்டக் கிட்டப் போட்டது. நாய் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஓகஸ்ட் முடிவில், பாசி விலகிய பிறகு, தவராசா சோதித்துப் பார்த்தார். மனைவியை வழக்கமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு, நாயைக் கயிற்றோடு தூரத்துக் கரைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து இறக்கினார். ஹில்டா செங்குத்துக் கரைகளை எல்லாம் விட்டுவிட்டு, நேராகச் சரிந்த ஜல்லிக்கு நீந்தி வந்து ஏறியது. ஏறுமிடத்தைப் பிடித்துவிட்டாள் என்று அவர் நம்பினார். அந்த முதல் வரிசை மட்டமாக இருந்தது போலத்தான் தெரிந்தது.

செப்டெம்பரில் சுந்தரேஸ்வரி ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு நாள், தவராசா நாயோடு தனியாகப் போனார். அன்று ஹில்டா ஏறவில்லை. கரைக்கு இணையாக அங்குமிங்கும் நீந்தியது. அவர் கூப்பிட்டார், விசிலடித்தார். நாய் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிப் போனது. கடைசியில் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். அன்று காற்றும் அலையும் இருந்தன. காற்றுத்தான் காரணம் என்று முடிவுசெய்தார். அதன் பிறகு குளிர் வந்துவிட்டது.

சுந்தரேஸ்வரி மார்ச் மாதம் வீட்டில் இறந்தார். கடைசி நாட்களில் நாய் கட்டிலின் கீழேயே கிடந்தது. உடலைக் கொண்டுபோன பிறகும் அங்கிருந்து வரவில்லை. பிறகு தனியே விட்டால் ஊளையிடத் தொடங்கியது. மேல்வீட்டுக்காரர் இரண்டு தரம் கதவைத் தட்டினார். மூன்றாம் தரம் வந்தவர் லக்சிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சாம்பலை முறைப்படி ஒல்லாந்துக்கு அனுப்பிக் கடலில் கரைப்பதற்கு ஈமச்சடங்குக் கடைக்காரர் ஏற்பாடு செய்திருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ரைன் ஆற்றங்கரையில் செய்வதென்று ஐயர் சொன்னார். அங்கே கரையிலிருந்து ஆற்றுக்குள் கல்வரம்புகள் கைபோல நீண்டிருக்கும். இரண்டு வரம்புகளுக்கு நடுவே தண்ணீர் குளம்போல அசையாமல் நிற்கும். தவராசா முதல்நாளே போய்ப் பார்த்தார். குளம்போலத் தெரிந்தது சுழல் என்று கண்டுகொண்டார். ஒரு சரக்குக் கப்பல் கடந்தபோது அந்தத் தண்ணீர் முழுவதும் ஆற்றுக்குள் உறிஞ்சப்பட்டு, ஜல்லித்தரை வெளியே தெரிந்து, பிறகு அலையாகத் திரும்பி வந்து அடித்தது.

"நாய் காருக்குள்ளதான் நிக்கோணும்," என்று லக்சிகாவிடம் சொன்னார். "ஆத்தைக் காணவே கூடாது."

எல்லாவற்றையும் யோசித்தவர் தேங்காயை யோசிக்கவில்லை. பூசைத் தேங்காய் பூசைக்குரியது, நாயின் தேங்காய் விளையாட்டுக்குரியது. இரண்டும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை என்பது அவருடைய மனதில் ஒன்றாகச் சேரவேயில்லை.

ஏப்ரல் காலை, மழைத் தூறல். சில உறவினர்கள் குடைகளோடு நின்றார்கள். ஐயர் குளிருக்கு வேட்டிக்கு மேலே தடித்த ஜாக்கெட் போட்டிருந்தார். மந்திரங்கள் முடிந்து, பிண்டத்தையும் பூவையும் விட்ட பிறகு, கும்பத்தின் மேல் இருந்த தேங்காயைத் தவராசாவின் கையில் கொடுத்தார்.

"திரும்பிப் பாராமல் விட்டிட்டு வாங்கோ."

தவராசா விட்டார். காய் மெல்ல ஆடிக்கொண்டு விலகியது. அவருடைய முழங்கால் வரை நனைந்திருந்தது. துவாய் எடுக்க லக்சிகா மேலே போய்க் காரின் பின்கதவைத் திறந்தாள்.

அவளுடைய சத்தத்தை அவர்கள் கேட்கும் முன்பே நாய் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. மிதவைச் சட்டையும் இல்லை, கயிறும் இல்லை. சுழலுக்குள் புகுந்து குடுமியைக் கவ்வியது.

"ஹில்டா, வா," என்று தவராசா கூப்பிட்டார். குரலை உயர்த்தாமல், ஏரியில் கூப்பிடுவதுபோல.

நாய் திரும்பியது. தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தது. வரிசையாக நின்ற மனிதர்களைப் பார்த்தது. பிறகு கரைக்கு இணையாக நீந்தத் தொடங்கியது. அங்கே போய் இங்கே வந்தது. உறவினர் ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் விசிலடித்தார். அது ஒருவரிடமும் வரவில்லை.

லக்சிகா சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழகியவள். தவராசா இரண்டு கைகளாலும் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ அப்பா."

"ஏலாது."

"எனக்கு நீந்தத் தெரியும். கிட்டத்தானே நிக்கிறாள்."

"நீ இறங்கினா நான் ரெண்டு பேரும் போறதைப் பாத்துக்கொண்டு நிக்கோணும். எனக்கு நீந்தத் தெரியாது பிள்ளை."

"அம்மா கேட்டது ஒண்டே ஒண்டுதான் அப்பா."

"அம்மா கேட்டது உனக்காக," என்றார். அவள் திமிறினாள். ஓடு சுமந்து பழகிய அந்தக் கைகளை அவளால் விலக்க முடியவில்லை.

ஆற்றின் நடுவே ஒரு கப்பல் மேல்நோக்கி வந்துகொண்டிருந்தது. தவராசா அதைப் பார்த்தார். என்ன நடக்கப்போகிறது என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தண்ணீர் பின்வாங்கியது. பூக்களும் பிண்டமும் நாயும் ஒன்றாக வரம்பின் முனையை நோக்கி இழுபட்டன. கறுத்த தலை முனையைச் சுற்றிக்கொண்டு வேகமாக ஓடும் பெருநீருக்குள் போனது. அலை திரும்பி வந்து கல்லில் மோதியபோது அதோடு நாய் இல்லை.

லக்சிகா தீயணைப்புப் படையைத் தொலைபேசியில் அழைத்தாள். பிறகு இருவரும் ஆறு போகும் திசையில் நடந்தார்கள். நனைந்த வேட்டியோடு தவராசா கல்லுக்குக் கல் தாண்டினார். முப்பது வருடம் மண்டியிட்டுத் தேய்ந்த முழங்கால்கள் அவருடையவை. லக்சிகா அவரைப் பார்க்காமல் முன்னே போனாள். வரம்புகளுக்கு நடுவே ஒவ்வோர் இடத்திலும் இறங்கி எட்டிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் போத்தல்கள், ஒரு மரக்கிளை. நடைபாதையில் ஒரு தம்பதியைக் கேட்டார்கள். கறுப்பு நாய் ஒன்று கடந்து போனதைக் கண்டதாகவும், கையை நீட்டிக் கூப்பிட்டும் அது வரவில்லை என்றும் சொன்னார்கள். தலை நீருக்கு மேலே இருந்ததா என்று தவராசா கேட்டார். பாதி இருந்தது என்று அந்தப் பெண் சொன்னாள்.

ஆறு வளையும் இடத்துக்கு அப்பால், கல்வரம்பின் அடியில், வயதான ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஜாக்கெட் தரையில் கிடந்தது. ஜாக்கெட் நடுங்கிக்கொண்டிருந்தது.

லக்சிகா விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். ஹில்டா அவளைக் கண்டு வாலை ஒரு முறை அசைத்தது. எழ முடியவில்லை. ஒவ்வொரு மூச்சும் நனைந்த துணியைப் பிழிவது போன்ற சத்தத்தோடு வந்தது. தேங்காய் அதன் முகத்தின் அருகே கிடந்தது.

"உங்களுடையதா?" என்று அந்த மனிதர் ஜெர்மனில் கேட்டார். "நாற்பது வருடமாக இங்கே மீன் பிடிக்கிறேன். தேங்காய் கிடைத்தது இதுதான் முதல் தடவை. என் மடியில் கொண்டுவந்து போட்டுவிட்டு விழுந்துவிட்டது."

"கூப்பிட்டீர்களா?" என்று கேட்டார் தவராசா.

"இல்லை. நான் எழும்பக்கூட இல்லை. எனக்கு இடுப்பு சரியில்லை. இப்படியே உட்கார்ந்திருந்தேன். அது ஆற்றுக்குள் இருந்து என்னைப் பார்த்துவிட்டது. அதன் பிறகு நேராக வந்தது. எப்படி வந்தது என்றே தெரியவில்லை. அந்த இழுப்பில் நான் என்றால் வந்திருக்கமாட்டேன்."

தவராசா அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பச்சைத் துணி போட்ட மடக்குக் கதிரை. கால்மேல் போர்வை. நீர்விளிம்பு. கோடை முழுவதும் தான் எதைப் பழக்கியதாக நினைத்தாரோ அதை நாய் பழகியிருக்கவில்லை. ஜல்லியையும் சரிவையும் அது கணக்கிலேயே எடுக்கவில்லை. உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைத்தான் அது கரை என்று படித்திருந்தது.

லக்சிகா தேங்காயைக் கையில் எடுத்தாள். "இதை என்ன செய்யிறது?" நாய் இழுபட்டுப் போன பிறகு அவள் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது.

தவராசா ஐயரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்.

"நாயோ கொண்டுவந்தது?"

"ஓம் ஐயா."

"நாய் உயிரோடை இருக்கோ?"

"இருக்கு."

"எண்டால் அங்கையே திரும்ப விடுங்கோ. வீட்டை கொண்டுபோக வேண்டாம். நாயைப் பிடிச்சுக்கொண்டு விடுங்கோ."

லக்சிகா நாயின் தலையை அந்த மனிதரின் ஜாக்கெட்டால் மூடி, மார்போடு அணைத்துக்கொண்டாள். தவராசா வரம்பின் முனைக்குப் போய்க் காயை இரண்டாம் முறை ஆற்றில் விட்டார். இம்முறை அவர் திரும்பிப் பார்த்தார். காய் கண்ணுக்கு மறையும் வரைக்கும் அங்கேயே நின்றார். கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். என்ன சடங்கு என்று அவர் கேட்கவில்லை.

ஹில்டாவின் நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தது. மிருக வைத்தியர் முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். காய்ச்சல் வந்தது. லக்சிகா வேலைக்குப் போய்வந்து, வைத்தியசாலைக் கூண்டின் பக்கத்தில் தரையில் இருந்தாள். தவராசாவும் அங்கே போய் உட்கார்ந்திருந்தார். தகப்பனும் மகளும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அவளுடைய இரண்டு தோள்களிலும் அவருடைய விரல்களின் தடம் கறுத்துப் போயிருந்தது. அவர் அதைக் கண்டார். அவள் சட்டைக் கழுத்தை இழுத்து விட்டுக்கொண்டாள். நாய் பிழைத்தது. இருமல் மட்டும் நெடுநாள் இருந்தது.

ஜூன் மாதம் தவராசா மறுபடி ஏரிக்குப் போனார். பதித்த ஓட்டை உடைத்து எடுத்து முதல் வரிசையிலிருந்து தொடங்குவது அவருக்குப் புதிதல்ல. மிதவைச் சட்டையும் கயிறும் பழையபடி. தேங்காய் இல்லை, ரப்பர் வளையம். முதல் நாள் கதிரையை அதே இடத்தில் வெறுமையாக விரித்து வைத்தார். ஹில்டா வளையத்தோடு நேராக வந்தது. கதிரையை மணந்து பார்த்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, துணியில் தாடையை வைத்துக்கொண்டு, எழ மறுத்தது. அவர் அன்று அதற்கு மேல் பழக்கவில்லை.

பிறகு கதிரையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினார். நீர்விளிம்பிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து மரத்தடிக்கு. கதிரை இருந்த இடத்தில் தான் நின்று, உள்ளங்கையால் தண்ணீரை மெல்லத் தட்டினார். சில நாட்களில் நாய் அவரைத் தாண்டி மரத்தடிக்கு ஓடியது. அப்போது அவர் வேறொன்றும் செய்யாமல் திரும்பத் தண்ணீருக்குக் கூட்டிவந்தார். இது அவசரப்படுத்தக் கூடிய வேலை அல்ல. அவசரப்படுத்த அவருக்கு மனமும் இல்லை. நாய் ஒவ்வொரு நாளும் சுந்தரேஸ்வரியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. விடவைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

கதிரையைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கிய நாள் லக்சிகாவும் வந்திருந்தாள். ஹில்டா வளையத்தைக் கவ்விக்கொண்டு திரும்பியது. கரையைப் பார்த்தது. கரைக்கு இணையாக ஒரு பக்கம் நீந்தியது. திரும்பி மறுபக்கம் நீந்தியது. லக்சிகாவின் கை வாய்க்குப் போனது.

"இழுங்கோ அப்பா."

"பொறு."

கயிறு அவருடைய கையில் தளர்ந்து கிடந்தது. அவர் தண்ணீரைத் தட்டினார். நாய் இன்னொரு முறை கரை முழுவதும் தேடியது. வால் தாழத் தொடங்கியது. அவர் கயிற்றை இறுக்கவில்லை. மறுபடி தட்டினார். ஹில்டா மெல்லத் திரும்பி அவரை நோக்கி வந்தது. கால் ஜல்லியில் பட்டதும் நடந்து ஏறியது. வளையத்தை யாருடைய மடியிலும் போடாமல் தரையில் போட்டுவிட்டு உதறிக்கொண்டது.

"அம்மாவை மறந்திட்டாளோ?" என்று லக்சிகா கேட்டாள்.

தவராசா நாயின் காதுகளுக்குள் துவாயின் நுனியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் ஒரு காது, பிறகு மற்றது.

காரின் பின்கதவைத் திறந்ததும் ஹில்டா ஏறி, மடித்து வைத்திருந்த கதிரையின் மேல் சுருண்டு படுத்தது. எலும்புக்கு உறுத்தும் இடம் அது. பக்கத்தில் மெத்தை போட்டிருந்தது. லக்சிகா கதிரையை இழுத்தெடுக்கக் குனிந்தாள்.

"அது கிடக்கட்டும்," என்றார் தவராசா. கதவைச் சாத்தினார்.